அக்காவின் அரை டிக்கெட்

மூன்று வயது நிரம்பிப் பன்னிரண்டு நிரம்பாத குழந்தைக்கு ரயிலில் அரைக் கட்டணம். பன்னிரண்டு நிரம்பிவிட்டால் முழுக் கட்டணம். குறைத்துக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் வித்தியாசத்தையும் அபராதத்தையும் கட்டி, ரசீதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். விதி இவ்வளவுதான். அதில் கௌரவத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நயா பைசா வந்த வருஷத்துச் சாரலில், தென்காசி ஸ்டேஷனில், இந்த விதி எழுதியபடி நடந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நம் ஓய்வூதியர் சங்கம் இந்த வருஷம் குற்றாலத்துக்குப் பஸ் ஏற்பாடு செய்திருக்கிறது. சிக்கனமாகவும் பத்திரமாகவும் போய்வர நாலு குறிப்பு எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். முப்பத்துநான்கு வருஷம் மற்றவர்களுடைய பணிப்பதிவேடுகளைப் பார்த்தவள், விதி தெரிந்தவள் என்கிற நம்பிக்கை. தருகிறேன். ஆனால் அந்தக் குறிப்புகள் என்னுடையவை அல்ல, அப்பாவுடையவை.

அப்பா விருதுநகர்ப் பக்கத்தில் ஓர் ஊரில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். சொந்த ஊர் தென்காசியை ஒட்டிய மேலகரம். அவருடைய அக்கா, எங்கள் அத்தை, அங்கேயே இருந்தாள். வருஷா வருஷம் சாரலுக்குக் குற்றாலம் போவது எங்கள் வீட்டில் விரதம் மாதிரி. அதற்கென்று அப்பா ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ‘பிரயாண விதிகள்’ என்று தலைப்பிட்டு, எண் போட்டு எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். அந்த அட்டை எங்கே போயிற்று என்று இப்போது தெரியவில்லை. விதிகள் மட்டும் மனப்பாடம்.

ஒப்புக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் நல்ல விதிகள். குற்றாலத்தில் அறை எடுக்காதே, மேலகரத்தில் தங்கு. காலாற நடந்தால் அருவி வந்துவிடும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் தலையில் எண்ணெய் விழுமுன் கூலி பேசு. விழுந்த பிறகு பேசுவது பேரம் இல்லை, கெஞ்சல். மங்குஸ்தான் பழம் வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் செங்கோட்டை பஸ் கிளம்பும் நேரத்துக்கு வாங்கு. கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக யாருக்கும் மனசு வராது. கழுத்தில் தங்கத்தோடு அருவியில் நிற்காதே. தண்ணீருக்குச் சங்கிலியும் சருகும் ஒன்று. பச்சைப் பாறைக்குப் பயப்படுவதைவிடக் கறுத்து மினுங்குகிற பாறைக்குப் பயப்படு. அருவி செம்மண் நிறமாகி, குச்சியும் இலையும் விழ ஆரம்பித்தால் சோப்பைத் தேடாதே, துண்டைத் தேடாதே, வெளியே வா. குரங்குக்கு முன்னால் பையைத் திறக்காதே. கையிலிருக்கும் பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே. போய்ச் சேர்ந்ததும் ஊருக்குத் தந்தி கொடுக்காதே, கார்டு போடு.

சங்கத்து நண்பர்கள் இதுவரை உள்ளதைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளலாம். குழந்தைகள் சம்பந்தமாக இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. அவற்றைக் கத்தரிக்க வேண்டாம்.

ஒன்று, கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் கண்டுபிடிக்க, பெயர், தகப்பன் பெயர், வயது, விலாசம் எழுதிய சீட்டை மெழுகுத் துணியில் சுற்றிச் சட்டையின் உட்புறம் ஊக்கால் குத்த வேண்டும். மற்றொன்று, ‘பிரயாணத்தில் பிள்ளைகளுக்கு எளிய உடை போதும்’ என்பது. இந்த இரண்டாவது விதியின் உள்ளர்த்தம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அப்போது எனக்கு ஏழு வயது; எப்படி உடுத்தினாலும் அரை டிக்கெட்தான். அந்த விதி அக்காவுக்காக எழுதப்பட்டது.

அக்காவுக்குப் பதின்மூன்று முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த மார்கழியில் பெரியவளாகியிருந்தாள். அத்தை மேலகரத்திலிருந்து வந்து, அரக்கு நிறத் தாவணி ஒன்று எடுத்துக் கொடுத்து, தெருவுக்கெல்லாம் புட்டு அவித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தத் தாவணியை அக்கா தானே துவைப்பாள், தானே மடிப்பாள். மடித்ததை இன்னொரு முறை பிரித்து மடிப்பாள்.

கிளம்புகிற அன்று காலை அப்பா அவளைப் பார்த்துவிட்டு, “ரயில்ல கரி விழும். பாவாடை சட்டை போதும், மாத்திக்கோ” என்றார்.

அக்கா அசையவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். “சமைஞ்ச பிள்ளைய இப்படியா கூட்டிட்டுப் போவாக? நாலு பேரு பாக்க மாட்டாகளா?”

“அந்த நாலு பேரா டிக்கெட் எடுத்துத் தரப் போறான்?”

அம்மா எப்போதும் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வாள். பழைய பாவாடையின் கீழ் மடிப்பை அவிழ்த்து நீளமாக்கினாள். அவிழ்த்த இடத்தில் வெளிறாத துணி ஒரு பட்டையாகத் தெரிந்தது. சட்டை அக்குளில் பிடித்தது. பின்னலை இரட்டையாக்கி மடித்துக் கட்டி நாடா முடிந்தபோது அக்கா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

அப்பா சீட்டுகளை எழுதிக் கொண்டுவந்தார். அவருடைய கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அக்கா தன் சீட்டை வாங்கிப் படித்தாள்.

“அப்பா, வயசு பதினொண்ணுன்னு போட்டிருக்கு.”

“டிக்கெட்டும் சீட்டும் ஒத்துப் போவணும்ட்டி. ஒரு ஃபைல்ல ரெண்டு காகிதம் ரெண்டு விதமாச் சொல்லப்படாது.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பாவின் வேதம் அது. காகிதத்தில் உண்மை இருக்கிறதா என்று அவர் கவலைப்பட்டதில்லை; காகிதங்கள் ஒன்றோடொன்று சண்டை போடக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்புப் பெட்டி. கூஜாவில் தண்ணீர், தேக்கிலையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. கண்ணில் கரித்தூள் விழுந்து நான் அழுதேன். அக்கா முந்தானையை ஊதி ஒற்றி எடுக்கக் கையைத் தோளுக்குக் கொண்டுபோனாள். அங்கே முந்தானை இல்லை. பாவாடை நுனியால் எடுத்துவிட்டாள். கடையநல்லூர் தாண்டியதும் காற்றின் ருசி மாறிற்று. மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. ஜன்னல் வழியாக முகத்தில் பொடிப்பொடியாக ஈரம் விழுந்தது. அந்த வருஷம் சாரல் சீக்கிரமே இறங்கிவிட்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம்.

தென்காசி வாசலில் டிக்கெட் பரிசோதகர் நின்றார். நடுவயது, வெற்றிலைச் சிவப்பு உதடு. அப்பா நீட்டிய நாலு அட்டைகளையும் வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள்.

“பாப்பாவுக்கு என்ன வயசு சார்?”

“பதினொண்ணு” என்றார் அப்பா, அக்காவுக்கு முந்தி.

அவர் விட்டிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பின்னால் கூட்டம் நெரித்தது. கைக்குள் அட்டைகளை அடுக்கிக்கொண்டும்விட்டார். அந்த நேரம் பார்த்து வாசலுக்கு அந்தப் பக்கம் அத்தை எங்களைக் கண்டுகொண்டாள். அத்தையின் குரல் அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்கக்கூடியது.

“ஏட்டி பெரியவளே! என்ன கோலம்ட்டி இது? நான் எடுத்துத் தந்த தாவணி எங்கட்டி? ஏலே தம்பி, சமைஞ்சு அஞ்சு மாசமான பிள்ளைய அரைப் பாவாடையில கூட்டியாந்து நிக்கியே, ஒனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?”

நெரித்த கூட்டம் நெரிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். பரிசோதகரும் சிரித்தார், ஆனால் கெட்ட சிரிப்பில்லை.

“ஒண்ணும் பெருசில்ல சார். வித்தியாசமும் அபராதமும் கட்டிருங்க. ரசீது போட்டுத் தந்துருதேன்.”

“அப்போ நான் பொய் சொல்லுதேங்கிறீரா?”

“நான் அப்படிச் சொல்லலியே. வயசுக்கு அத்தாட்சி ஏதும் வச்சிருக்கீகளா?”

“எழுதியே தாரேன்” என்றார் அப்பா. “நான் கவர்மெண்ட் சர்வெண்ட்.”

தகரப் பெட்டியின் மூடிக்குள் வெள்ளைத்தாள் எப்போதும் இருக்கும். வெளியே போகும்போது நாலு தாள் கொண்டுபோக வேண்டும் என்பதும் ஒரு விதி. பிளாட்பாரத்தில் பெட்டியைப் படுக்க வைத்து, முழங்காலிட்டு, அப்பா எழுதத் தொடங்கினார். இன்னார் ஆகிய நான், இன்ன அலுவலகத்தில் இன்ன பதவி வகிப்பவன், என் மூத்த மகள் பிறந்த தேதி... அங்கே பேனா நின்றது. எல்லாவற்றுக்கும் விதி வைத்திருந்தவர், பொய்க்கு ஒரு பிறந்தநாள் மட்டும் தயார் செய்து வரவில்லை. பரிசோதகர் கையிலிருந்த அட்டையில் குத்தியிருந்த அன்றைய தேதியைப் பார்த்தார். எழுதினார். ஜூன் எட்டு. இன்றோடு பதினொரு வயது நிரம்புகிறது.

அத்தை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். “இன்னைக்கா பொறந்தா? மாசி மகத்தன்னைக்குல்லா பொறந்தா! நான் அங்கனதான நின்னேன், நீ சைக்கிள எடுத்துக்கிட்டு மருத்துவச்சிய...”

“அக்கா, நீ செத்த சும்மா இரு” என்று அப்பா அத்தையை அடக்கினார்.

பரிசோதகர் தாளை நாலாக மடித்தார். “சரி சார். பள்ளிக்கூடத்துல ஒரு வயசுச் சர்ட்டிபிகேட் வாங்கி ஒரு மாசத்துக்குள்ள அனுப்பிருங்க. இதோட சேத்து முடிச்சிருதேன்.” பிறகு குனிந்து அக்காவிடம், “ஹேப்பி பர்த்டே பாப்பா” என்றார்.

குதிரை வண்டியில் மேலகரம் போகிறவரை அத்தை மட்டும் பேசிக்கொண்டே வந்தாள்.

அந்த வாரம் முழுக்க அக்கா பாவாடை சட்டையிலேயே இருந்தாள். அத்தை தன் பெட்டியிலிருந்து ஒரு தாவணியை எடுத்துக் கொடுத்தாள். அப்பா வாங்கித் திரும்பக் கொடுத்துவிட்டார். பரிசோதகர் ரயில்வே குடியிருப்பில் இருப்பவர், சாரலுக்கு அவரும் குற்றாலம் வருவார், எங்கேயாவது பார்த்துவிட்டால்? ஒரு ரயில் பயணத்துக்கு என்று ஆரம்பித்த பதினொரு வயது, ஒரு வாரத்துக்கு நீண்டது. அக்கா அருவிக்கு வரமாட்டேன் என்று அத்தை வீட்டு அடுக்களையில் உட்கார்ந்துகொண்டாள். குற்றாலத்தில் குளிக்க முந்நூறு நாள் காத்திருக்கிறவள் அவள்.

ஒரே ஒருநாள், கார்டு போட எங்கள் இருவரையும் அத்தை அழைத்துப் போனாள். சீசனுக்கென்று திறந்திருந்த தபாலாபீஸ், ஓர் அறைதான். கம்பி அடைப்புக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் அப்படி ஓர் இடத்தில் நாங்கள் பெண்ணைப் பார்த்ததில்லை. ஈரத்தலையோடு ஒரு பெரிய மனிதர் தந்திக் காகிதத்தை நீட்டினார். அவள் பென்சில் முனையால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டு எண்ணினாள். “ரெண்டு வார்த்தை கூடுதலா இருக்கு. இதையும் இதையும் அடிச்சிட்டா காசு மிச்சம். அடிக்கட்டா?” என்றாள். பெரிய மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் குறைந்ததும் கேட்டாள். “இதுக்கு என்ன படிக்கணும்?”

“எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினாப் போதும்மா. எத்தனாவது படிக்கே?”

“நாலாம் பாரம் போகப் போறேன்.”

நாலாம் பாரம் என்றால் இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. அந்தப் பெண் அக்காவின் மடித்துக் கட்டிய பின்னலையும் பாவாடைப் பட்டையையும் பார்த்தாள். “நாலாம் பாரமா? நீயா?” என்று சிரித்தாள். “கெட்டிக்காரிதான். இன்னும் மூணே வருஷம். வந்துரு, இங்கன ஒரு நாற்காலி போட்டு வைக்கேன்.”

திரும்பி வருகையில் அக்கா கடைப்பலகைகளில் இருந்த சொற்களை எல்லாம் விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அத்தையிடம், “அத்தே, இன்னைக்கு அருவிக்குப் போவோமா?” என்றாள்.

அத்தை அப்பாவிடம் கேட்கவில்லை. தன் பழைய நூல்சேலை ஒன்றை அக்காவின் மேல் கழுத்திலிருந்து கால்வரை சுற்றி, “இப்போ எவன் வயசக் கேக்கான்னு பாக்கேன்” என்று கூட்டிக்கொண்டு நடந்தாள். அப்பாவும் அம்மாவும் பின்னால் வந்தார்கள். பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. சீயக்காய் வாசமும், எண்ணெய் வாசமும், யாரோ சுடும் மிளகாய் பஜ்ஜி வாசமும். அக்கா தண்ணீருக்குள் போனாள். அருவி தலையில் அடித்து இரட்டைப் பின்னலை அவிழ்த்தது. அவள் கையைச் சேலைக்குள் விட்டு, சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றுவதை நான் பார்த்தேன். மெழுகுத் துணிச் சீட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தண்ணீரோடு போயிற்று. அக்கா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

வெளியே பாறையில் பரிசோதகர் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய். தேய்த்துவிடுகிறவர் அவர் தலையை மத்தளமாக வாசித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் வழிகிற கண்ணைச் சுருக்கி அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார்.

“சார்! வாங்க. நானே சொல்லணும்னு நெனச்சேன். அந்தக் காகிதம் இன்னும் என் பெட்டியிலதான் கிடக்கு, மேல அனுப்பல. பேசாம வித்தியாசத்தக் கட்டிருங்க. ரசீது தாரேன். காகிதத்தக் கிழிச்சு ஒங்க கையிலேயே தந்துருதேன். பொம்பளப் பிள்ள சர்ட்டிபிகேட்டுக்கு எதுக்கு அலையணும்?”

“கட்டிருங்க அண்ணாச்சி” என்றார் தேய்த்துவிடுகிறவர், கையை நிறுத்தாமல். “பிள்ளைக்கு முழு டிக்கெட்னா பெருமைல்லா? எங்க வீட்டுல எல்லாமே அரை டிக்கெட்டு, வளரவே மாட்டேங்குதுவ.”

அம்மா அப்பாவின் சட்டைக் கையைத் தொட்டாள். அவள் பொதுவில் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை. “கட்டிருங்க” என்றாள்.

அப்பா நின்ற நிலை எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. ஈர வேட்டி, நெஞ்சில் பூணூலாய்க் குறுக்கே போட்ட துண்டு, குளிரில் நடுங்குகிற தாடை. “கட்டினா, நான் கையெழுத்துப் போட்டு எழுதினது பொய்யின்னு ஆயிரும். ரசீது அதுக்குச் சாட்சி. இன்னைக்கு வரைக்கும் என் சர்வீஸ் புக்குல ஒரு மெமோ கிடையாது.”

“ரசீது ஒங்க பையிலதான இருக்கப் போவுது சார். ஒங்க ஆபீசுக்கு யாரு சொல்லுவா?”

“எனக்குத் தெரியும்லா?”

பரிசோதகர், “மண்டைய நல்லாத் தேயும்வே” என்று மற்றவரிடம் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிற்காலத்தில் எத்தனையோ அப்பாக்களை அலுவலகத்தில் பார்த்துவிட்டேன். லஞ்சம் வாங்க மாட்டார்கள், ஒரு குண்டூசி வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கையெழுத்துப் போட்ட தவறை மட்டும் திருத்த மாட்டார்கள். உலகத்தை அதற்குத் தக்கபடி திருத்துவார்கள். இவர்களை நேர்மையானவர்கள் என்று பிரிவுபசார விழாவில் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் அப்பா வேலையைத் தொடங்கினார். அக்கா எட்டாம் வகுப்பு முடித்த பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை. தலைமையாசிரியர் அப்பாவுக்குத் தெரிந்தவர். ‘சேர்க்கும்போது என் மகளின் பிறந்த தேதி கவனக்குறைவால் தவறாகத் தரப்பட்டுவிட்டது, சரியான தேதி ஜூன் எட்டு’ என்று, தகப்பன் என்ற முறையில் உறுதிமொழி கொடுத்தார். தலைமையாசிரியர் வேறு அத்தாட்சி எதுவும் கேட்கவில்லை. மாசி மாதத் தேதியைச் சிவப்பு மையால் அடித்து, மேலே புதிய தேதியை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். எல்லாம் நாலே நாளில் முடிந்தது. சர்ட்டிபிகேட் தென்காசிக்குப் போயிற்று. அப்பாவின் ஃபைலில் எல்லாக் காகிதமும் ஒத்துப்போயிற்று. அப்பா அன்று பலகாரம் வாங்கி வந்தார்.

பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியை அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா அரக்குத் தாவணி போட்டிருந்தாள். “பதினொரு வயசுல நாலாம் பாரமா?”

“நடுவுல ரெண்டு வகுப்பு ஒண்ணாப் போட்டாங்க” என்றார் அப்பா. ஒரு பொய்க்கு உதவியாக இன்னொன்றை நியமிக்கும்போது அவர் குரல் பிசிறாது.

மூன்று வருஷம் அக்கா வகுப்பில் முதல். வீட்டுக்கு வருகிற எந்தக் கடிதமானாலும் சொற்களை எண்ணுவாள். “சித்தப்பா இதுல ஒம்பது வார்த்தை சும்மா எழுதியிருக்காரு” என்பாள். எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததும் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுத்தான். ஆறாம் பாரத்தில், தை மாதம், பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்தார்கள். தேர்வு எழுதப் பதினைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரு விதி. சில மாதங்கள் குறைந்தால் மேலிடத்தில் மன்னிப்பு உண்டு, அதற்குமேல் கிடையாது. அக்காவுக்கு உண்மையில் பதினாறு முடியப் போகிறது. பதிவேட்டில் ஒன்றேகால் வருஷம் குறைந்தது. பதினைந்து நிரம்ப அடுத்த வருஷம் ஜூன் எட்டு வரவேண்டும்.

தலைமையாசிரியை அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “மனு போடுவோம்” என்றார்.

போட்டார். பஞ்சாயத்தில் பிறப்புப் பதிவேட்டு நகல் வாங்கி, அத்தையிடம் வாக்குமூலம் வாங்கி, ஆதாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு, மூன்று படிகள். அப்படிப்பட்ட மனுவை என் முப்பத்துநான்கு வருஷத்தில் நான் கண்டதில்லை; குறை சொல்ல ஒரு காற்புள்ளி கிடையாது. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது, அதை அவரும் அறிவார். ஏற்கெனவே ஒருமுறை தகப்பனின் உறுதிமொழியின்பேரில் திருத்திய தேதியை, அதே தகப்பனின் உறுதிமொழியின்பேரில் மறுபடி எப்படித் திருத்துவது? எது பொய்? முந்தியதா, பிந்தியதா? மேலிடம் கேட்ட விளக்கம் அதுதான். அப்பா விளக்கம் எழுதினார். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். நாலு நாளில் நுழைந்த பொய், வெளியே போக வழி கேட்டு மேசை மேசையாக உட்கார்ந்திருந்தது. அந்த மேசைகளில் ஒன்றில் பிற்பாடு நானும் உட்கார்ந்தேன். குறை சொல்ல முடியாது. விதிப்படி கேட்க வேண்டிய கேள்விதான்.

தேர்வு நாளன்று காலை அக்கா குளித்து, தாவணி மடித்துப் போட்டு, பள்ளிக்கூடத்து வாசல்வரை தோழிகளோடு போய் அவர்களை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

அடுத்த மார்ச்சில் மூன்று மாதம்தான் குறையும், மன்னிப்பு கிடைத்துவிடும் என்று தலைமையாசிரியை சொல்லியனுப்பினார். ஆனால் பதினாறு முடிந்த பெண்ணை ஒரு வருஷம் வீட்டில் வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது என்று ஊர் கேட்காவிட்டாலும் அப்பாவே கேட்டுக்கொண்டார். அத்தை வடகரையில் ஒரு மாப்பிள்ளை பார்த்தாள். வயல், தோப்பு, நல்ல மனிதர். இன்றுவரை அவரைப் பற்றி ஒரு சொல் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நிச்சயத்தன்று அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். “மார்ச் வரைக்கும் பொறுக்கலாமாப்பா? பரீட்சை எழுதிட்டு வந்துருதேன்.”

“அவுங்க தைக்குக் கேக்குதாக” என்றார் அப்பா.

தையில் கல்யாணம். பெண்ணுக்குப் பதினைந்து நிரம்பாமல் செய்யும் கல்யாணம் அன்றைய சட்டப்படி தண்டனைக்குரியது. அப்பாவின் ஃபைலில் இருந்த எல்லாக் காகிதங்களின்படியும் அக்காவுக்கு அன்று பதினான்கரைதான். பரீட்சை எழுதப் போதாத வயது தாலி கட்டிக்கொள்ளப் போதுமானதாயிற்று. பந்தலில் யாரும் பதிவேடு கேட்கவில்லை. இதைக் கவனித்திருக்க வேண்டிய ஒரே ஆள், சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

வடகரைக்கு ரயிலேறியபோது மாப்பிள்ளை எடுத்தது முழு டிக்கெட். அக்கா அந்த அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆக, சங்கத்து நண்பர்களுக்கு என் சொந்தக் குறிப்பு ஒன்றே ஒன்று: பேரப்பிள்ளைகளுக்கு முழு டிக்கெட் எடுங்கள். எடுக்காமல் மாட்டிக்கொண்டால் கட்டிவிட்டு ரசீதைக் கிழித்துப் போடுங்கள்.

அப்பாவின் மனுவுக்கு வந்த பதிலைத் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். எனக்கு அப்போது உண்மையாகவே பதினொரு வயது. பழுப்பு உறை. அப்பா பேனாக்கத்தியால் ஓரத்தை அறுத்துப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். மனுதாரரின் கோரிக்கை ஏற்கப்பட்டது, பிறந்த தேதியைக் கோரியபடியே திருத்திக்கொள்ள அனுமதி அளிக்கப்படுகிறது.

“பாத்தியா?” என்றார், அடுப்படியைப் பார்த்து. “முறைப்படி போனா கிடைக்கும்.”

“யாருக்கு?” என்று கேட்டாள் அம்மா.

அக்கா அப்போது வடகரையில் நாற்றங்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பாள், அல்லது வாந்தி எடுத்துக்கொண்டிருப்பாள், மூன்று மாதம். அப்பா ஃபைலை எடுத்து வந்து, கயிற்றை அவிழ்த்து, கடிதத்தைத் துளையிட்டுக் கோத்தார். எந்தக் காகிதமானாலும் வந்து சேர்ந்த நாளை இடது மூலையில் குறிப்பது அவர் வழக்கம். சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுதினார்: ஜூன் எட்டு.